சட்டத்திற்கு முன்பே திறந்த கதவு



வீட்டுக்குள் அடிபட்ட பெண்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் நம் நாட்டில் உதவி மையங்கள் எப்படித் தோன்றின? இதுதான் இன்றைய கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. இப்படிப்பட்ட தலைப்பு என்றாலே சட்டத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மலேசியாவில் முதலில் வந்தது ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஒரு தொலைபேசி. பிறகு மருத்துவமனையில் ஓர் அறை. சட்டம் அந்த வீட்டுக்குப் பின்னால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் தங்கிய பெண்கள் சொன்னதைக் கேட்டுத்தான் சட்டத்தையே எழுதினார்கள் என்று சொன்னாலும் மிகையாகாது.

1980-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். கூலி போட்ட நாள். கள்ளுக்கடையிலிருந்தோ சம்சுக் கடையிலிருந்தோ கணவன் வருகிறான். இரவு பத்து மணிக்கு அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு வெளியே ஓடி வருகிறாள். எங்கே போவாள்? பக்கத்து வீட்டில் ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுப்பார்கள். காலையில் மண்டோரோ கோயில் தலைவரோ இருவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்கள். அவனுக்கு ஒரு கண்டிப்பு, அவளுக்கு ஒரு புத்திமதி. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று யாராவது ஒரு பாட்டி சொல்லி முடிப்பார். தாய்வீட்டுக்குப் போனால் நான்கு நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தோட்டத்து வீடு கணவன் பெயரில் இருந்தால், அவனை விட்டுப் பிரிகிறவளுக்கு அந்த வீடும் இல்லை.

போலீஸ் நிலையத்துக்குப் போகலாமே என்று இன்றைய இளையவர்கள் கேட்பார்கள். போனார்கள். அடிப்பது அன்றும் குற்றம்தான். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 323-ஆவது பிரிவு, வேண்டுமென்றே காயம் விளைவிப்பதைப் பற்றியது. ஆனால் அந்தப் பிரிவில் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. அரசு வழக்கறிஞரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்கவும் முடியாது. ஆகவே புகாரை எழுதிக்கொண்டு, நகலைக் கையில் கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே போய் முறையிடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இது குடும்ப விவகாரம் என்ற சொல்லும் கூடவே வரும். எழுத்து வாசனை அதிகம் இல்லாத ஒரு பால்மரம் வெட்டும் பெண், ஒரு துண்டுக் காகிதத்தோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தைத் தேடிப் போவாளா? வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீடு

1982-ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச் 1-ஆம் தேதி, 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயமானது. அதுவரை கோயிலில் தாலி கட்டினால் போதும், பதிவு இல்லை, இன்னொரு மனைவி கட்டினாலும் கேட்க ஆள் இல்லை. நம் சமுதாயத்துப் பெண்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு பெரிய காப்பு என்பதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இரண்டாவது காரியம், டபிள்யூ.ஏ.ஓ. என்று அழைக்கப்படும் பெண்கள் உதவி அமைப்பு நாட்டின் முதல் அடைக்கல இல்லத்தைத் திறந்தது. இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன், 1971-இல், லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி என்ற பெண்மணி அடிபட்ட பெண்களுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கியிருந்தார். அந்தச் சிந்தனை உலகம் முழுவதும் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

அடைக்கல இல்லம் என்றவுடன் அநாதை விடுதி மாதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அதன் முகவரி வெளியே சொல்லப்படுவதில்லை, ஏனென்றால் தேடி வருகிற கணவன் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் தங்குவார்கள். சமையலும் துப்புரவும் தங்கியிருப்பவர்களே பகிர்ந்து செய்வது. பிள்ளைகள் அம்மாவோடு இருப்பார்கள். பள்ளி மாற்ற வேண்டும், பிறப்புப் பத்திரம் வீட்டிலேயே கிடக்கும், அடையாளக் கார்டைக் கணவன் ஒளித்து வைத்திருப்பான். இந்தச் சில்லறைக் காரியங்கள்தான் ஒரு பெண்ணைத் திரும்பவும் அதே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறவை. இல்லத்துச் சமூகப் பணியாளர் அவளோடு கூடவே போலீஸ் நிலையம் போவார், மருத்துவமனை போவார், சமூகநல இலாகா போவார். தனியாகப் போனால் ஒரு பதில், பக்கத்தில் ஒருவர் நின்றால் வேறு பதில். இந்த நாட்டில் அரசாங்க முகப்பில் நின்ற யாருக்கும் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகள் போனபின் இன்னொன்று தெரிந்தது. இல்லத்தைவிட்டு வெளியே போய் வேலை தேடிக்கொள்கிற தாய், பிள்ளையை யாரிடம் விடுவாள்? விட ஆள் இல்லாததால் வேலையைவிட்டு, கடைசியில் கணவனிடமே திரும்பியவர்கள் உண்டு. அதனால் 1990-இல் அதே அமைப்பு, இல்லத்தில் தங்கியிருந்த பெண்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு குழந்தைப் பராமரிப்பு மையத்தைத் தொடங்கியது. தாய் தனியாக ஓர் அறை எடுத்து நிலையாக நிற்கும்வரை பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். எந்தச் சட்டப் புத்தகமும் இதைச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு பெண்ணும் ஏன் திரும்பிப் போனாள் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தது.

ஐவி ஜோசையா போன்றவர்கள் நீண்ட காலம் இந்த அமைப்பை நடத்தினார்கள். அதிகமாகப் பேசப்படாத உழைப்பு அது.

ஐந்து சங்கங்கள் ஒன்று சேர்ந்தன

இல்லம் நடத்தியவர்களுக்கு ஒன்று விரைவிலேயே புரிந்தது. எத்தனை அறை கட்டினாலும் போதாது, வெளியே சட்டம் மாறாவிட்டால் வந்தவர்களே மறுபடியும் வருவார்கள். 1985-இல் ஐந்து அமைப்புகள் சேர்ந்து பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பற்றி ஒரு பட்டறை நடத்தின. பெண்கள் உதவி அமைப்பு, பெண் வழக்கறிஞர் சங்கம், மலாயாப் பல்கலைக்கழக மகளிர் சங்கம், தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பிரிவு, சிலாங்கூர் கூட்டரசுப் பிரதேசப் பயனீட்டாளர் சங்கம். ஜாக் என்று இன்றும் சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டு நடவடிக்கைக் குழு பிறந்தது இப்படித்தான். தொழிற்சங்கமும் பயனீட்டாளர் சங்கமும் இதில் இருந்ததைக் கவனியுங்கள். படித்த மேல்தட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று இதைச் சிலர் ஒதுக்கியபோது, அந்தப் பெயர்ப்பட்டியலே பதிலாக இருந்தது.

அதே ஆண்டில் பினாங்கில் பெண்கள் நெருக்கடி மையமும், கூச்சிங்கில் சரவாக் பெண்களின் அமைப்பும் தோன்றின. அந்தப் பட்டறையில் வேரூன்றிய அவாம் எனும் அனைத்து மகளிர் செயல் கழகம் 1988-இல் பதிவு பெற்றது. அதைச் சில ஆண்டுகள் வழிநடத்தியவர் ஐரின் பெர்னாண்டஸ். தோட்டத் தொழிலாளர்களோடும் தொழிற்சாலைப் பெண்களோடும் பழகியவர். பின்னர் 1991-இல் தெனாகானித்தாவைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுப் பணிப்பெண்களுக்கும் அடைக்கலம் கொடுத்தார். 2005-இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது பெற்ற அவர் 2014-இல் காலமானார்.

1987-இல் கோலாலம்பூரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன, கையெழுத்து வாங்கின. 1989-இல் சட்டம் திருத்தப்பட்டது. வல்லுறவுக் குற்றத்துக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகம் இருபது ஆண்டு சிறை என்றானது. சம்மதம் இருந்தாலும் குற்றம் என்று கருதப்படும் வயது 14-இலிருந்து 16-க்கு உயர்ந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் கடந்தகால வாழ்க்கையை நீதிமன்றத்தில் கிளறுவதற்கும் கட்டுப்பாடு வந்தது.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாமே 'கற்பழிப்பு' என்றுதான் எழுதின. கற்பு யாருடையது? அழிந்தது யாருடையது? குற்றம் செய்தவன் ஒருவன், இழந்துவிட்டதாக முத்திரை குத்தப்படுபவள் இன்னொருத்தி. அந்தச் சொல்லைக் கேட்டாலே புகார் கொடுக்க வருகிறவள் கூனிப்போவாள். இன்று 'பாலியல் வல்லுறவு' என்று எழுதுகிறோம். வேண்டிய மாற்றம். ஆனாலும் சில தலைப்புகளில் பழைய சொல் இன்னும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

பத்தாண்டு கால இழுபறி

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கதை நீளமானது. பெண் வழக்கறிஞர்கள் வரைவை எழுதி எடுத்துக்கொண்டு போனதிலிருந்து சட்டம் அமலானதுவரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள். ஏன் இவ்வளவு காலம்? முக்கியமான முடிச்சு நம் கூட்டரசு அரசியலமைப்பில் இருந்தது. முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, குடும்பச் சட்டம் எல்லாம் மாநில அதிகாரம், ஷரியா நீதிமன்றத்தின் பொறுப்பு. குற்றவியல் சட்டம் கூட்டரசின் அதிகாரம், எல்லா இனத்தவருக்கும் பொது. மனைவியை அடிப்பது குடும்ப விஷயமா, குற்றமா? குடும்ப விஷயம் என்றால் முஸ்லிம் பெண்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். அடைக்கல இல்லத்தில் ஒரே அடுப்பில் சமைத்த பெண்களில் பாதிப்பேருக்கு ஒரு சட்டம், மீதிப்பேருக்கு வேறு சட்டம் என்பதைப் பெண்கள் அமைப்புகள் ஏற்கவில்லை. 1991-இல் சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் அமைப்பு, மனைவியை அடிக்க முஸ்லிம் ஆண்களுக்கு அனுமதி உண்டா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு சிறு நூல் வெளியிட்டது. இந்த விவாதத்தில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

இதே காலத்தில் பெண்கள் உதவி அமைப்பு ஓர் ஆய்வும் நடத்தியது. 1989-ஆம் ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 39 விழுக்காட்டினர், அதாவது சுமார் 18 லட்சம் பேர், கணவனாலோ காதலனாலோ அடிக்கப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. மதிப்பீடுதான், தலையை எண்ணிய கணக்கு அல்ல. ஆனால் எங்கோ ஒரு குடிகாரன் வீட்டில் நடப்பது என்று பேசி வந்தவர்களால் அதன்பிறகு அப்படிப் பேச முடியவில்லை.

முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. குடும்ப வன்முறைச் சட்டம் தண்டனைச் சட்டத் தொகுப்போடு சேர்த்து வாசிக்கப்படும். அதனால் அது குற்றவியல் பக்கம் வந்தது, எல்லாருக்கும் பொதுவானது. 1994-இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அதன்பிறகும் ஈராண்டுக் காத்திருப்பு. பெண்கள் அமைப்புகள் விடாமல் நெருக்கிய பிறகு, 1996 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. இந்தியாவும் இலங்கையும் இப்படிப்பட்ட சட்டத்தை 2005-இல்தான் இயற்றின. ஆசியாவில் இதை முதலில் செய்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று.

சமரசத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பாதுகாப்பு ஆணை குற்ற விசாரணையோடு பிணைக்கப்பட்டுவிட்டது. போலீஸ் புகார் இருந்தால்தான் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. விசாரணை முடிந்தால் அதுவும் முடிந்தது. வழக்குத் தொடுத்தால்தான் அடுத்த ஆணை. கணவன் சிறைக்குப் போக வேண்டாம், என்னை அடிக்காமல் இருந்தால் போதும் என்கிற பெண்ணுக்கு இதில் இடம் குறைவு.

பக்கத்து நாடான சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே 1961-இலேயே மாதர் சாசனம் வந்துவிட்டது. 1995-இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் கன்வல்ஜித் சோயின் குடும்ப வன்முறைக்கென்று தனி மசோதா கொண்டு வந்தார். அது தோற்றது. ஆனால் அதன் முக்கியக் கருத்துகள் அடுத்த ஆண்டே சாசனத்தின் திருத்தமாக உள்ளே வந்தன. அங்கே பாதிக்கப்பட்டவர் போலீஸ் விசாரணைக்குக் காத்திராமல் நேரே நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். என்னைக் கேட்டால் அது எளிய வழி.

அவசரப் பிரிவில் ஓர் அறை

இனி மருத்துவமனைக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. அதற்கு முன் நிலைமை என்ன? வல்லுறவுக்கு ஆளான பெண் முதலில் போலீஸ் நிலையத்தில் நடந்ததைச் சொல்வாள். பிறகு மருத்துவமனைப் பதிவு முகப்பில், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாள். பிறகு தாதியிடம், பயிற்சி மருத்துவரிடம், நிபுணரிடம், சமூகநல அதிகாரியிடம். ஒவ்வொரு முகப்பிலும் முதலிலிருந்து. நடுவில் மணிக்கணக்கில் மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பாதியிலேயே எழுந்து போய்விட்டவர்கள் பலர்.

புதிய ஏற்பாட்டில் பெண் நடக்கவில்லை, அதிகாரிகள் நடந்தார்கள். பதிவு முகப்பிலேயே அடையாளம் கண்டு தனி அறைக்கு அழைத்துப் போவது. மருத்துவர் அங்கே வருவார். தடயங்களை அங்கேயே எடுப்பார்கள். போலீஸ் புகாரை அங்கேயே பதியலாம். சமூகப் பணியாளரும், தேவைப்பட்டால் தன்னார்வ அமைப்பின் ஆலோசகரும் அந்த அறைக்கே வருவார்கள். வீட்டுக்குப் போக முடியாத நிலை என்றால் அங்கேயே சிறிது நேரம் தங்க வைத்து, பிறகு அடைக்கல இல்லத்துக்கு அனுப்புவார்கள். ஒரே இட நெருக்கடி மையம் என்று இதற்குப் பெயர். மருத்துவர்களும் பெண்கள் அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கியது. 1996-இல் சுகாதார அமைச்சு எல்லா அரசாங்க மருத்துவமனைகளுக்கும் இதை விரிவுபடுத்தப் பணித்தது. வேறு நாடுகளிலிருந்தும் வந்து பார்த்துப் போனார்கள்.

பெரிய மருத்துவமனையில் நடப்பது மாவட்ட மருத்துவமனையில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆள் பற்றாக்குறை, பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போய்விடுவது, இரவு நேரத்தில் ஆலோசகர் கிடைக்காதது எல்லாம் உண்டு. சுற்றறிக்கை அனுப்புவது ஒரு நாள் வேலை. அறையை நடத்துவது ஒவ்வொரு நாள் வேலை.

நம் வீட்டுப் பெண்கள்

நம் சமுதாயத்தில் இதைப் பேசினால் உடனே கள்ளும் சம்சுவும்தான் காரணம் என்பார்கள். சம்சு நம் தோட்டங்களைச் சீரழித்தது உண்மை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல காலம் குரல் கொடுத்தது. ஆனால் அதே குடிகாரன் மண்டோரை அடிப்பதில்லை, கிராணியை அடிப்பதில்லை. போதையிலும் யாரை அடிக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. குடிக்காமல் அடிக்கிற படித்த கணவன்மார்களைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

நம் பெண்கள் பலர் அறியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, பதிவு செய்யவில்லை. ஆகவே சட்டம் நம்மைப் பார்க்காது என்று பலர் நினைக்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மதப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவாகாவிட்டாலும், அந்தப் பெண் இந்தச் சட்டத்தின்கீழ் மனைவிதான். முன்னாள் மனைவிக்கும் பாதுகாப்பு உண்டு. பிள்ளைகளுக்கும் உடன் வாழும் மற்ற குடும்ப உறுப்பினர்களுக்கும் உண்டு. ஆனால் எந்தச் சடங்கும் இல்லாமல் காதலனோடு வாழும் பெண்ணை இச்சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை.

சட்டம் அப்படியே நின்றுவிடவில்லை. 2012 திருத்தத்தில் மனரீதியான துன்புறுத்தலும் குடும்ப வன்முறை ஆனது. 2017-இல் இன்னொரு திருத்தம் நிறைவேறி 2018 ஜனவரி 1 முதல் அமலானது. அதன்படி சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், போலீஸ் புகாரும் முன்நிபந்தனை அல்ல. ஏழு நாள் செல்லும். சனிக்கிழமை இரவு அடிபட்டவள் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் அந்த ஏழு நாளின் மதிப்பு தெரியும். மணவாழ்க்கைக்குள் நடக்கும் வல்லுறவு மட்டும் இன்றும் அந்தப் பெயரில் குற்றமாகவில்லை. உறவுக்காகக் கணவன் காயப்படுத்தினாலோ மிரட்டினாலோ ஐந்தாண்டு வரை சிறை என்று ஒரு தனிப் பிரிவு மட்டும் இருக்கிறது.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாரையும் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். வீடே ஆபத்தானவர்களுக்கு அது என்ன அர்த்தம்? பெண்கள் உதவி அமைப்புக்கு வந்த அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் மூன்று மடங்குக்கு மேல் பெருகின. அதே நேரத்தில் மகளிர் அமைச்சு, வீட்டில் சச்சரவு வராமலிருக்க மனைவிமார்கள் டோரேமோன் கார்ட்டூன் பூனையைப் போலக் கொஞ்சிப் பேசலாம் என்று ஒரு சுவரொட்டி வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் லயத்துப் பாட்டியின் புத்திமதிதான் புது உடையில் வந்தது.

இந்த உரையைப் பார்க்கிறவர்களில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தின் தாலியன் காசிஹ் எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. பாலியல் வன்முறை நடந்திருந்தால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூன்று நாள் கடந்துவிட்டால் தடயம் கிடைப்பது கடினம், ஆனாலும் சிகிச்சைக்காகப் போகலாம். போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், உங்கள் வட்டாரத்துக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். மைகார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் இருந்தால் அதுவும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். பதிவு இல்லாத திருமணம் என்றால் கோயிலில் எடுத்த படமாவது இருக்கட்டும். புகார் எழுதியதும் அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.